1929: பொருளாதாரப் பெருமந்தம் விளைந்த வகை

1929ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அதனால் உலகமெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. எமது மாணவர்கள் வினாத்தாளுக்கு எழுதும் விடை பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகிறது. முன் நிகழ்ந்தது பின் நிகழ்ந்ததற்குக் காரணம் என்று கொள்வோமாயின், சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்றும் கொள்ள நேரும். ஒரு நகரத்தின் ஒரு தெருவிலே பங்குப் பத்திரங்களின் விலை இறங்கியமையால், அயோவா மாநிலத்துக் கமக்காரன் தன் நிலத்தை இழந்ததும், பேர்லின் தொழிலாளி கஞ்சிக்கு வரிசையில் நின்றதும், இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களிலே கூலி குறைந்ததும் எவ்வாறு? இக்கேள்வியை நாம் எழுப்புவது ஏட்டுச் சுவை கருதியன்று. சில சூதாடிகளின் பேராசையே மந்தத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் பழி தனிமனிதர் சிலர்மேல் ஏறுகிறது. பொருளாதார அமைப்பு விசாரணையின்றித் தப்பிவிடுகிறது.

முதலில் அழிவின் அளவை நோக்குவோம். 1929க்கும் 1932க்கும் இடையிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1929 இல் 45 இலட்சம் மோட்டார்க் கார்களைச் செய்த தொழிற்சாலைகள் 1932 இல் 11 இலட்சத்தையே செய்தன. 1933 இல் அந்நாட்டு உழைப்பாளருள் நால்வருக்கு ஒருவர், அதாவது ஏறக்குறைய 1 கோடி 30 இலட்சம் பேர், வேலையற்றிருந்தனர். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. உலக வர்த்தகத்தின் பெறுமதி மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது. இத்தனைக்கும் அமெரிக்க மண்ணிலே போர் நடக்கவில்லை, கொள்ளைநோய் பரவவில்லை. பழைய யந்திரங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. கைகளுக்கும் யந்திரங்களுக்கும் இடையிலே தொழிற்சாலை வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது.

பங்குச் சந்தையின் கதை பலரும் அறிந்ததே. ஒக்டோபர் 24, வியாழக்கிழமை, 1 கோடி 29 இலட்சம் பங்குகள் கைமாறின. 29, செவ்வாய்க்கிழமை, 1 கோடி 64 இலட்சம். செப்டெம்பர் 3இல் 381 புள்ளியில் நின்ற டௌ ஜோன்ஸ் சுட்டெண் 1932 யூலை 8இல் 41க்கு இறங்கியது. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் கவனிக்கவேண்டும். 12 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டிலே பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேரே. மேலும், 1929 நவம்பரில் 198க்குத் தாழ்ந்த சுட்டெண் 1930 ஏப்பிரலில் 294க்கு ஏறிற்று. இழந்ததில் ஏறத்தாழப் பாதி மீண்டுவிட்டது. அந்த ஏப்பிரலிலே உலகம் நின்றிருந்தால், ஒக்டோபர் வீழ்ச்சி பணக்காரர் சிலரின் துன்பக் கதையாக மாத்திரம் எஞ்சியிருக்கும். வீழ்ச்சிக்குப் பங்கே இல்லை என்பது எமது வாதமன்று. அச்சமுற்ற குடும்பங்கள் காரையும் வானொலியையும் வாங்குவதை ஒத்திப்போட்டன என்பது உண்மை. ஆனால் ஓர் அச்சம் நான்காண்டு நீடித்த அழிவாக மாறவேண்டுமாயின், அதற்கு முன்பே அத்திவாரம் உளுத்திருக்க வேண்டும்.

அந்த அத்திவாரம் 1920களிலே இடப்பட்டது. 1919 இல் நடந்த உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட பின்னர் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் தேய்ந்தன. 1920 இல் ஏறத்தாழ 50 இலட்சமாயிருந்த அங்கத்தவர் தொகை 1929 அளவில் 35 இலட்சத்துக்கு இறங்கியது. அதே பத்தாண்டிலே கைத்தொழிலில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி நூற்றுக்கு 43 வீதம் உயர்ந்தது. கூலி அவ்வேகத்தின் அருகிலும் வரவில்லை. வித்தியாசம் எங்கே போயிற்று? இலாபமாயிற்று. நிதி மந்திரி அன்ட்ரூ மெலன், தாமே நாட்டின் பெருஞ் செல்வருள் ஒருவர், மேல்மட்ட வருமான வரியை 73 வீதத்திலிருந்து 25 வீதத்துக்குக் குறைப்பித்தார். 1929 இல் மேற்படியிலிருந்த நூற்றுக்கு ஐந்து பேர் நாட்டு மக்களின் வருமானத்தில் மூன்றிலொரு பங்கைப் பெற்றனர். குடும்பங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது ஆண்டுக்கு 2,000 டொலருக்கும் குறைந்த வருமானத்திலே காலந்தள்ளின.

கமக்காரரின் நிலை இதனிலும் கீழானது. முதலாம் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்கு உணவளிக்கவென்று அவர்கள் கடன்பட்டு நிலமும் உழவு யந்திரமும் வாங்கினர். போர் முடிந்தது; ஐரோப்பிய வயல்கள் மீண்டும் விளைந்தன; 1919 இல் புசல் ஒன்றுக்கு 2 டொலருக்கு மேல் விற்ற கோதுமை 1929 இல் ஏறத்தாழ 1 டொலருக்கு விற்றது. கடனோ குறையவில்லை. செழிப்பின் பத்தாண்டு என்று பெயர்பெற்ற 1920களிலே 5,000க்கு மேற்பட்ட வங்கிகள் முறிந்தன. பெரும்பாலானவை சிற்றூர் வங்கிகள். பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றுக்கே மின்சாரம் எட்டியிருந்த நாட்டிலே, மின்சாரக் குளிர்ப்பெட்டிகளைத் தொகைதொகையாகச் செய்து குவித்தார்கள்.

இவ்விடத்திலே, மக்களிடம் வாங்கும் சக்தி இருக்கவில்லை, ஆகவே மந்தம் வந்தது என்று சொல்லி முடித்துவிட எம்முட் பலர் விரும்புவர். இது பாதி விடையே. தொழிலாளி தான் பெறும் கூலியைக் கொண்டு தான் செய்த பொருள் முழுவதையும் வாங்குதல் முதலாளித்துவத்திலே எக்காலத்திலும் இயலாது. அதனை மட்டுமே காரணமாகக் காட்டினால், 1929 இல் வந்த நெருக்கடி 1924 இல் ஏன் வரவில்லை என்னும் கேள்விக்கு விடையில்லாது போகும். மக்களின் வறுமையே நெருக்கடிகளின் இறுதிக் காரணம் என்று கூறிய மார்க்ஸே, நெருக்கடிக்குச் சற்று முன்னர் கூலி உயர்ந்திருப்பதும் உண்டு என்று ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் எச்சரித்திருக்கிறார். மேடைகளிலே இந்த எச்சரிக்கை எளிதில் மறக்கப்படுகிறது.

கூலிக்கும் உற்பத்திக்கும் இடையிலான பள்ளத்தை இரண்டு பொருள்கள் நிரப்பி வந்தன. ஒன்று முதலீடு: மோட்டார்த் தொழில், மின்சாரம், வீடமைப்பு ஆகியவற்றிலே புதிய மூலதனம் பாய்ந்தவரையில் வேலையும் கூலியும் கிடைத்தன. ஆனால் புளோறிடாவின் காணி மோகம் 1926 இல் அடங்கிற்று. வீடு கட்டுதல் அக்காலத்திலேயே உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கியது. கார் வாங்க வசதியுள்ளோர் பெரும்பாலும் வாங்கிவிட்டனர். மற்றது கடன். விற்ற கார்களிற் பாதிக்கு மேற்பட்டவை தவணைப் பணத்துக்கே விற்கப்பட்டன. தவணைமுறை நாளைய கூலியை இன்றைக்கே செலவிடச் செய்கிறது. நாளை வரும்போது அக்கூலி முன்னரே செலவாகிவிட்டது. தொழிலில் இட இடமில்லாத இலாபம் வேறு எங்கே போகும்? வோல் ஸ்ரீற்றுக்குப் போயிற்று. விலையின் ஒரு பகுதியை மட்டும் கைப்பணமாகக் கொடுத்து, மிகுதியைத் தரகரிடம் கடன்பெற்றுப் பங்குகளை வாங்கினர். 1929 இலையுதிர் காலத்திலே இவ்வாறான தரகர் கடன் 850 கோடி டொலரை எட்டியிருந்தது. பங்குச் சந்தையின் வெறியாட்டம் நோயின் குறியே. வேலையற்றுப்போன மூலதனம் சூதாடக் கிளம்பிய காட்சி அது.

இனி அமெரிக்காவுக்கு வெளியே நோக்குவோம். அந்நாட்டு மந்தம் உலகத்தைப் பற்றியமைக்குக் காரணம் போர்க் கடனும் பொன்னும் ஆகும். தோற்ற ஜேர்மனி 1921 இல் 13,200 கோடி பொன் மார்க் நட்டஈடு செலுத்துமாறு பணிக்கப்பட்டது. பிரித்தானியாவும் பிரான்சும் போர்ச் செலவுக்காக அமெரிக்காவிடம் கடன்பட்டிருந்தன. 1924 இன் டோஸ் திட்டத்துக்குப் பின்னர் நிகழ்ந்தது விந்தையான ஒரு சுற்றோட்டம்: அமெரிக்க வங்கிகள் ஜேர்மனிக்குக் கடன் கொடுத்தன, ஜேர்மனி அப்பணத்திலிருந்து பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் நட்டஈடு கட்டியது, அவை அதனை வாங்கி அமெரிக்காவுக்குக் கடன் அடைத்தன. அமெரிக்கக் கடன் ஓடியவரை சக்கரம் சுழன்றது. 1928 இல் வோல் ஸ்ரீற்றில் வட்டி ஏறியதும் அப்பணம் தாய்நாட்டுக்கே திரும்பிற்று. 1928–29 குளிர்காலத்திலேயே ஜேர்மனியில் வேலையற்றோர் பெருகத் தொடங்கினர். கோதுமை, கோப்பி, இறப்பர் ஆகியவற்றை விற்றுப் பிழைத்த நாடுகளும் ஒக்டோபருக்கு முன்னரே தள்ளாடின. சேவல் கூவுமுன்பே பல நாடுகளில் பொழுது இருண்டிருந்தது.

பொன் நியமம் என்பது நாணயத்தின் பெறுமதியைக் குறித்த அளவு பொன்னோடு பிணைத்துவிடும் ஏற்பாடாகும். பொன் வெளியேறினால் அந்நாடு வட்டியை உயர்த்தி, கூலியையும் விலையையும் அமுக்கியே அதனை மீட்கவேண்டும். பிரித்தானியா 1925 இல், சேர்ச்சில் நிதி மந்திரியாயிருந்தபோது, போருக்கு முந்திய மதிப்பிலேயே இவ்வேற்பாட்டுக்குத் திரும்பிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலி வெட்டப்பட்டது. 1926 இன் பொது வேலைநிறுத்தம் அதன் விளைவு. மந்தம் தொடங்கிய காலத்தில் உலகப் பொன்னிலே ஐந்தில் மூன்று பங்கு அமெரிக்காவிடமும் பிரான்சிடமும் குவிந்திருந்தது. பொன் உள்ளவர்கள் அதனைச் செலவிட மறுத்தனர். இல்லாதவர்கள் தம் மக்களின் வயிற்றை இறுக்கினர். பொன் நியமத்தை முன்னதாகக் கைவிட்ட நாடுகள் முன்னதாகவே மூச்சுவிட்டன என்பதைப் பிற்கால ஆய்வுகள் நன்கு காட்டியுள்ளன. 1931 செப்டெம்பரில் விலகிய பிரித்தானியாவையும், 1936 வரை பிடிவாதமாயிருந்த பிரான்சையும் ஒப்பிட்டால் போதும்.

இவ்வாறு காய்ந்திருந்த விறகிலே வங்கிகளின் முறிவு தீ வைத்தது. 1930 டிசெம்பர் 11இல் நியூயோர்க்கிலே ‘பாங்க் ஒவ் யுனைற்றட் ஸ்ரேற்ஸ்’ என்னும் வங்கி கதவடைத்தது. பெயர் அரசாங்க வங்கி போல ஒலித்தாலும் அது தனியார் வங்கி. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு வைப்பாளரின் பணம் அதில் இருந்தது. 1931 மே மாதத்தில் வியன்னாவின் கிரெடிற் அன்ஸ்ரால்ற், யூலையில் ஜேர்மனியின் டனாற் வங்கி என்று முறிவு கண்டம் தாண்டியது. ஒக்டோபரிலே பொன் வெளியேறுவதைத் தடுக்கவென்று அமெரிக்கச் சமஷ்டி ஒதுக்கு வங்கி தன் வட்டி வீதத்தை ஒன்றரையிலிருந்து மூன்றரைக்கு ஏற்றியது. மூச்சுத் திணறுபவனின் கழுத்திலே கயிற்றை இறுக்கியதற்கு ஒப்பான செயல். நாட்டின் பணத்தொகை நான்காண்டிலே மூன்றிலொரு பங்கு சுருங்கியது.

மில்ரன் பிரீட்மனும் அன்னா சுவாட்ஸும் 1963 இல் வெளியிட்ட நூல் இந்த வங்கியின் தவறே மந்தத்தைப் பெருமந்தமாக்கியது என்று நிறுவ முயல்கிறது. அவர்கள் திரட்டிய சான்றுகளை இடதுசாரிகள் ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது; பணச் சுருக்கம் மெய்யானது, அதன் கொடுமையும் மெய்யானது. ஆனால் அவர்களுடைய விளக்கம் ஒரு படி முன்னரே நின்றுவிடுகிறது. வங்கியாளர் மூடராயிருந்தமையாலா அவ்வாறு செய்தனர்? கடன் கொடுத்தவனின் பொன்னுக்கு வந்த ஆபத்தை நாட்டின் ஆபத்தாகவும், உழைப்பவனின் பட்டினியைத் தவிர்க்கமுடியாத இயற்கை விதியாகவும் காணப் பழகிய வர்க்கத்தின் கண்களாலே அவர்கள் பார்த்தனர் என்பதே எமது கருத்து.

விலைவீழ்ச்சியும் கடனும் கூடினால் நிகழ்வது யாது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஏர்விங் பிஷர் 1933 இல் விளக்கினார். (வீழ்ச்சிக்குச் சில நாள் முன்னர் பங்கு விலைகள் இனி இறங்கா என்று உறுதி கூறித் தம் சொந்தச் செல்வத்தையும் இழந்தவர் இவரே, பட்டறிவு சிலருக்கு நல்லாசான்.) ஒரு கமக்காரன் 1,000 டொலர் கடன்பட்டிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். 1929 இல் ஏறத்தாழ 1,000 புசல் கோதுமை விற்றால் கடன் தீரும். 1932 இல் கோதுமை 38 சதத்துக்கு இறங்கிவிட்டது; இப்போது அதே கடனுக்கு 2,600 புசலுக்கு மேல் விற்கவேண்டும். அவனைப் போன்று எல்லோரும் கூடுதலாக விற்க முனைகின்றனர். விலை மேலும் இறங்குகிறது. கடனை அடைக்க அடைக்கக் கடன் வளர்கிறது. கடன் கொடுத்தவனோ தன் கணக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமலே செல்வனாகிறான், அவனுடைய வங்கி முறியும்வரை.

அரசாங்கங்கள் என்ன செய்தன? அமெரிக்கா 1930 யூனில் ஸ்மூற்–ஹோலி சட்டத்தின் மூலம் சுங்கத் தீர்வையை உயர்த்திற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர் வேண்டாமென்று கையெழுத்திட்டும் பயனில்லை. பிற நாடுகள் பதிலடி கொடுத்தன. மந்தத்தின் முழுப் பழியையும் இச்சட்டத்தின்மேற் சுமத்துவோர் உளர், அது மிகை. இதனினும் பாரதூரமானது வரவுசெலவைச் சமப்படுத்தும் வெறி. தொழிலாளரும் பங்குகளும் கமக்காரரும் வீழ்ந்து கழியட்டும், அப்பொழுதே அமைப்புத் தூய்மையாகும் என்பதே மெலன் தமக்குக் கூறிய ஆலோசனை என்று ஜனாதிபதி ஹூவர் பின்னாளில் எழுதினார். பிரித்தானியாவில் வேலையற்றோர் உதவிப் பணத்தை வெட்டும் கேள்வியிலே தொழிற்கட்சி அரசாங்கம் 1931 ஓகஸ்டில் உடைந்தது. டெற்றோயிற்றிலே 1932 மார்ச் 7இல் வேலையும் உணவும் கேட்டு போர்ட் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் சென்றோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, ஐவர் உயிரிழந்தனர்.

பசித்தோர் தெருவில் நின்ற அக்காலத்திலேயே உணவு அழிக்கப்பட்டது. பிறேசில் 1931 முதல் 1944 வரை 7 கோடி 80 இலட்சம் மூடை கோப்பியை அழித்தது. 1933 இல் அமெரிக்க அரசாங்கம் விலையை உயர்த்தும் பொருட்டு 60 இலட்சம் பன்றிகளைக் கொல்வித்தது. 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது புதைப்பித்தது. பற்றாக்குறையால் வரும் பஞ்சத்தை மனிதகுலம் நெடுங்காலமாக அறியும். மிகுதியால் வந்த இப்பஞ்சம் புதியது. இதே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தின் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் வேலையில்லாத் திண்டாட்டத்தை நீக்கியமை உலகத் தொழிலாளரைக் கவர்ந்தது. அதே 1932–33 இல் கட்டாயத் தானியக் கொள்முதல் உக்ரேயினிலும் கசாக்ஸ்தானிலும் பல இலட்சம் உயிர்களைக் குடித்த பஞ்சத்தை விளைத்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஜேர்மனியிலே புறூனிங் அரசாங்கம் அவசரச் சட்டங்களால் கூலியையும் உதவிப் பணத்தையும் வெட்டிற்று. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 இலட்சம். 1928 இல் நூற்றுக்கு 2.6 வீத வாக்குப் பெற்ற நாசிக் கட்சி 1930 இல் 18.3 வீதமும், 1932 யூலையில் 37.3 வீதமும் பெற்றது. பசி தானாக எவரையும் பாசிசவாதியாக்குவதில்லை. பசிக்குக் காரணம் யூதன் என்று காட்ட ஒரு கட்சியும், அக்கட்சிக்குப் பணமளிக்கப் பெருமுதலாளிகள் சிலரும் இருந்தனர். 1932 நவம்பர்த் தேர்தலிலே சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 221 ஆசனங்கள் பெற்றனர். நாசிகள் பெற்றவை 196. ஆயினும் அவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று முதற் பகையாகக் கருதின. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறினார்.

எமது நாட்டை மந்தம் ஏற்றுமதி வழியாகவே வந்தடைந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றையும் விற்று அரிசி வாங்கியுண்ட குடியேற்ற நாடு இலங்கை. 1925 இல் இலண்டன் சந்தையிலே இறாத்தல் 4 சிலிங்குக்கு மேல் ஏறிய இறப்பர் 1932 இல் 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி சில ஆண்டுகளுக்குள்ளேயே குறைக்கப்பட்டது. தொழிலாளர் பலர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டமைக்கு நுளம்பு மட்டுமன்று, உண்ணாது மெலிந்த உடலும் காரணம். இங்கும் கோபம் இருவழிப்பட்டது. 1920களிலே கொழும்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுக்குத் தலைமை தாங்கிய ஏ. ஈ. குணசிங்க, 1930களிலே மலையாளத் தொழிலாளரை வெளியேற்றக் கோரும் இயக்கத்தை நடத்தினார். அதற்கு மாறாக, மலேரியா நிவாரணப் பணியிலே கிராமங்களுக்குச் சென்ற இளைஞர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர்.

மந்தம் எவ்வாறு தீர்ந்தது என்பதும் அதன் காரணத்தைப் பற்றி ஒரு சாட்சியாகும். 1933 மார்ச்சில் பதவியேற்ற றூஸ்வெல்ற் பொன் பிணைப்பை அறுத்தார், வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி அளித்தார், பொதுவேலைகளை நடத்தினார், பின்னர் தொழிற்சங்க உரிமையும் சட்டமாயிற்று. உற்பத்தி ஏறியது. ஆனால் 1937 இல் செலவை வெட்டிப் பழைய நெறிக்குத் திரும்ப முயன்றதும் நாடு மீண்டும் சரிந்தது. 1940 இலும் ஏறத்தாழ 80 இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர். பாடசாலைக்கும் வீட்டுக்கும் போதியளவு கிடையாதிருந்த பணம் போருக்கு வரம்பின்றிக் கிடைத்தது. 1944 இல் வேலையற்றோர் 7 இலட்சத்துக்கும் குறைந்தனர். டெற்றோயிற்றின் அருகே வில்லோ ரன் என்னுமிடத்தில் போர்ட் நிறுவனம் அமைத்த புதிய தொழிற்சாலை ஆண், பெண், கறுப்பர், வெள்ளையர் என்று ஆயிரக்கணக்கில் ஆட்களை எடுத்துக் குண்டுவீச்சு விமானங்களைச் செய்துகொண்டிருந்தது.